தாம்பு ஒன்று, நெஞ்சு பல

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வெண்ணெய் களவு கண்ட கண்ணனை யசோதைப் பிராட்டி உரலோடு பிணித்த சரித்திரத்தை உபந்யாஸத்தில் கேட்கும்போதெல்லாம் அடியேனுடைய தர்மபத்தினிக்குக் கண்கள் குளமாகிவிடும். அடியேனோ, கயிறு இரண்டு அங்குலம் குறைந்தது என்னும் இடத்திலேயே நின்று, ஏன் இரண்டு என்று யோசித்துக்கொண்டிருப்பேன். வங்கிக் கணக்குகளைச் சரிபார்த்தே பழகிய புத்தி! நமக்கு பக்தியே இல்லையோ என்ற கலக்கம் நெடுநாள் உண்டு.

ஆழ்வார்கள் இதே தாம்பை எப்படி அநுபவித்தார்கள் என்று பார்ப்போம். திருவாய்மொழி முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில், முதல் பாசுரத்திலேயே கட்டுண்ட எளிமையில் ஈடுபட்ட நம்மாழ்வார், மேலே பேசமாட்டாதே ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பது பூர்வாசார்யர்கள் காட்டும் ஐதிஹ்யம். குலசேகரப் பெருமாளுக்கோ அதுவே இழவாயிற்று. பெருமாள் திருமொழி ஏழாம் திருமொழியில் தேவகியின் பாவனையில் நின்று, தாம்பைக் கண்டு அஞ்சிய அந்தப் பார்வையை யசோதை கண்டாள், பெற்ற நான் காணப்பெற்றிலேனே என்று கதறுகிறார். கரனோடு பெருமாள் தனியே பொருதார் என்று கேட்டவுடன் படை திரட்டப் புறப்பட்டவரன்றோ! பழங்கதை என்று விலகியிருக்க அவர் திருவுள்ளம் அறியாது.

மதுரகவிகளின் ப்ரபந்தத்துக்கோ அந்தத் தாம்பே திருநாமம். ஆயினும் அங்கே மோஹமுமில்லை, கதறலுமில்லை. கட்டுண்டவனைச் சொல்லித் தொடங்கி, அந்தப் பாசுரத்திலேயே அவனிலும் தித்திக்கும் ஆசார்யன் திருநாமத்துக்கு வந்து, பதினொரு பாசுரமும் அங்கேயே நிலைத்துவிடுகிறார். வடதேசத்தில் கண்ட ஒளியைத் தொடர்ந்து திருக்குருகூர் வந்து, கேள்வி கேட்டு, விடை பெற்றபின் அடிபணிந்தவர் அவர். ஆராய்ந்து தெளிந்த நெஞ்சுக்கு உகப்பும் அப்படியே, அலையில்லாத மடுவாக அமைந்தது.

அவரோடு அடியேனை ஒப்பிடுவது அபசாரம். கண்ணீர் வாராமைக்கு அவரைச் சாக்காகக் காட்டுவது அதனினும் பெரிய அபசாரம். ஆனால் கண்ணீரைக் கொண்டு பக்தியை அளக்கும் கணக்கை அடியேன் விட்டுவிட்டேன்.

சென்ற ஏகாதசியன்று அகத்தில் இருவருமாகப் பெருமாள் திருமொழி அநுஸந்தித்தோம். தேவகி புலம்பலில் தர்மபத்தினிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் குரல் திரும்பும்வரை அடியேன் அடுத்தடுத்த அடிகளை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்.