மூத்தவனின் உறுமல்

இரக்கத்திற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நம்மைக் கேட்க வைத்தது ஒரு நாய்.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள நமது பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒன்பது ஆண்டுகளாகக் காவல் கிடப்பவன் மணி. சென்ற மழைக்காலத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே கொக்கிலமேட்டுக் கடற்கரையில், கழுத்தில் வலைக்கயிறு இறுகிய ஓர் இளநாயைக் கண்டோம். கயிற்றை அறுத்து, இல்லத்திற்குக் கொண்டுவந்தோம். அதுவோ அடங்காப்பிடாரி. வந்த அன்றே மணியின் தட்டில் வாய் வைத்தது. அவன் முதுகில் ஏறிக் குதித்தது. மணி உறுமினான். நாமோ கோலை ஓங்கி, மணியைத்தான் விரட்டினோம். அன்றிரவு அவன் உண்ணவில்லை. ஆலய மணிக்கூண்டின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

கால்நடை மருத்துவர் நம்மைத் திருத்தினார். முதலில் தடுப்பூசி, நோயில்லை என்று தெளியும்வரை தனியிடம். பிறகு, இரண்டிற்கும் உரிமையில்லாத வெளியிடத்தில், கழுத்துவாரைத் தளர்த்திப் பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்த வேண்டும். சிறிது நேரம் முகர்ந்து பார்க்கவிட்டுப் பிரிக்க வேண்டும். உணவுத் தட்டுகள் எட்ட எட்ட இருத்தல் வேண்டும். இளையது வரம்பு மீறினால் இளையதையே அப்பால் கொண்டுசெல்ல வேண்டும். உறுமலை அடித்து அடக்கவே கூடாது, அது எச்சரிக்கை. எச்சரிக்க அஞ்சும் நாய், ஒரு நாள் எச்சரிக்காமலே கடித்துவிடக்கூடும்.

பசித்த மனிதர் வாசலில் நிற்கையில் நாய்களைப் பற்றி இத்தனை சிந்தனை எதற்கு எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. மனிதத் துயர் துடைப்பதற்குரிய செல்வத்தை அவற்றின்மேல் கொட்டுவது தகாது எனவும் எச்சரிக்கிறது. ஆயினும், நாம் கற்ற பாடம் மனிதரைப் பற்றியதே.

மறைமலைநகர்த் தொழிற்சாலைகளை நாடி வரும் குடும்பங்களைப் பங்குகளில் வரவேற்கிறோம். பாடற்குழுவிலும் விழாக் குழுவிலும் இடமளிக்கிறோம். முப்பது ஆண்டுகள் பீடத்தைத் துடைத்துப் பூ வைத்த மூதாட்டி முணுமுணுத்தால், அவரிடம் அன்பில்லை என்று தீர்ப்பிடுகிறோம். நாம் தாராளமாக எடுத்துக் கொடுத்த இடம் அவருடையதன்றோ? பெருந்தன்மை என்னும் பெயர் நமக்கு, இழப்பு அவருக்கு.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், தந்தை இளைய மகனை ஓடிச்சென்று தழுவியதை நாம் பலமுறை போதித்திருக்கிறோம். அதே தந்தை விருந்தை விட்டு வெளியே வந்து, மூத்தவனிடமும் பேசினார் என்பதை விரைந்து கடந்துவிடுகிறோம். மூத்தவனின் கோபத்திற்காக அவர் இளையவனை வெளியேற்றவில்லை. கோபப்பட்டதற்காக மூத்தவனைத் தள்ளவுமில்லை. அவன் மனக்குறையைக் கேட்டார். அவனுக்குரியது அவனுக்கே என உறுதி தந்தார். குறையைச் சொல்லும் உரிமை ஒன்று. பிறரை விலக்கும் உரிமை வேறொன்று. முதலாவதை மறுத்துவிட்டு, இரண்டாவதைக் கைவிடும்படி எவரையும் கேட்க முடியாது.

மாமல்லபுரத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலச் சிற்பமான அருச்சுனன் தவத்தில், ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. எலிகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. பார்க்க அமைதியான காட்சிதான். எனினும், அந்த எலிகளுக்காக நம் மனம் அஞ்சுகிறது. ஓசை அடங்கிய இடமெல்லாம் சமாதானம் குடியிருப்பதில்லை.

இன்று திண்ணையின் இரு முனைகளில் இரண்டும் படுத்திருக்கின்றன. இளையது அளவுக்கு மீறி நெருங்கினால் மணி ஒருமுறை உறுமுகிறான். அது நின்றுவிடுகிறது. நாம் கோலை எடுப்பதில்லை. அந்த மூதாட்டியின் இல்லத்திற்கு மட்டும் நாம் இன்னும் போகவில்லை. இந்த ஞாயிறு மாலை போக வேண்டும், பேசுவதற்கன்று, கேட்பதற்கு.