எந்த வசனத்தில் நிறுத்துகிறோம்?

வீட்டில் வாக்குவாதம் முற்றியதும் வேதாகமத்தைத் துணைக்கு அழைக்கும் கணவர்கள் உண்டு. மனைவியைப் பணியச் சொல்லும் எபேசியர் 5:22 அவர்களுக்கு மனப்பாடம். இருவரையுமே பணியச் சொல்லும் 21ஆம் வசனமும், கிறிஸ்துவைப்போல் தம்மையே கையளித்து மனைவியை நேசிக்கக் கேட்கும் 25ஆம் வசனமும் கண்ணில் படுவதில்லை. (மனைவிமாரிடமும் தமக்கேற்ற வசனங்கள் இருக்கக்கூடும்!)

இயேசுவைச் சோதித்த சாத்தானும் 91ஆம் சங்கீதத்தையே எடுத்துக் காட்டினான். பாம்பை மிதிப்பதைப் பற்றிய அடுத்த வசனத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டான்.

மறைநூல் முழுவதன் ஒருமைப்பாட்டையும் மனத்திற் கொண்டே எப்பகுதிக்கும் பொருள் காணவேண்டும் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. இன்றிரவு குடும்பச் செபத்தில் 21 முதல் 33 வரை வாசியுங்கள். கணவரே, 25ஆம் வசனத்தை நீர் உரக்க வாசியும்; 22ஐ உம் மனைவி வாசித்துக்கொள்வார்.