தட்டில் தங்கும் நாதம்: ஊவாத் தோட்டங்களில் பதிவிசையும் வழிபாடும்

ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில், குறிப்பாகப் பதுளையைச் சூழ்ந்த பசறை, நமுனுகுல, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதிகளில், மாரியம்மன் கோயில்களின் திருவிழாக் காலத்து விடியல் பதிவு செய்யப்பட்ட பாட்டோடுதான் தொடங்குகிறது. கோயில் முன்றிலில் உயரக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் டி. எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் எல். ஆர். ஈஸ்வரியும் அடுத்தடுத்துப் பாட, லயம் எனப்படும் தோட்ட வரிசைக் குடியிருப்பில் அடுப்பு மூட்டுகிறவரும், பிரட்டுக்கு, அதாவது காலை வேலைப்பதிவுக்கு, புறப்படுகிறவரும் தத்தம் வேலையினூடே அதைக் கேட்கின்றனர். முதலிருவரும் மறைந்து ஆண்டுகள் பலவாகின்றன; கேட்பவர் வாய் திறந்து பாடவில்லை; பூசகர் இன்னும் நடை திறக்கவில்லை. அந்த வேளையில் தெய்வத்தின் முன் நிகழும் துதியை யாருடையது என்று கொள்வது, அது வழிபாடுதானா, அன்றி வழிபாட்டுக்கு முந்திய வெறும் ஒலியா என்பது, எளிதாகத் தோன்றினும் இந்தியத் தத்துவ மரபின் மிகப் பழைய வழக்கொன்றினுள் கொண்டு சேர்க்கும் கேள்வியாகும்.

இதே கேள்வியை மறுமுனையிலிருந்து எழுப்புகிறவர் இசைத்தட்டுச் சேகரிப்பாளர். நிமிடத்திற்கு 78 சுழற்சி வேகத்தில் ஓடும் பழைய தட்டு, லாக்குப் பூச்சி சுரக்கும் அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து சூட்டில் அழுத்திச் செய்யப்பட்டது. அதன் 10 அங்குல அளவில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். எஃகு ஊசியைப் பக்கத்திற்கு ஒன்றாக மாற்ற வேண்டும். கை தவறினால் தட்டு உடைந்து போகும். ஊசி இறங்கியபின் பாட்டு எழுவதற்கு முன்னர் சில சுழற்சிகளுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும், பிறர் பொறுத்துக்கொள்ளும் அந்த இரைச்சலைச் சேகரிப்பாளர் கூர்ந்து கேட்டு, தட்டின் எப்பகுதி மிகுதியாகத் தேய்ந்தது, முன்னைய உடைமையாளர் எந்த அடியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார் என்று கணிக்கிறார். புகழ்பெற்ற பக்கத்தை விட்டு மறுபக்கத்தைப் போடுவதும், நேரம் முடிவதை உணர்ந்து விருத்தத்தின் கடைசி அடியை அவசரமாக முடிக்கும் குரலுக்காகவே ஒரு தட்டைப் பேணுவதும், நாகசுரமும் நாடகப் பாட்டும் கிறித்தவக் கீர்த்தனையும் இஸ்லாமியப் பாட்டும் ஒரே மாலையில் மாறி மாறி ஒலிக்கக் கேட்பதும் இவர்களிடம் காணப்படும் வழக்கங்கள். இத்தகையவரிடம் அண்மையில் விரும்பிக் கேட்பது எது என்று வினவினால் பாட்டின் பெயருக்கு முன் தட்டின் எண் வந்து விழும். சென்னையைச் சேர்ந்த வி. ஏ. கே. ரங்காராவ் இவ்வாறான ரசனையின் தமிழகத்து உச்சம் எனலாம். சாத்திரிய இசை, திரைப்பாட்டு என்ற மேல்கீழ் பாராமல் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டி, அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர் அவர். இலங்கையிலோ வானொலியே தட்டிசையோடு பிறந்தது எனலாம். 1925 டிசம்பரில் கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்குவதற்கு முன்னரே, தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு அமைத்த ஒலிபரப்பியில் கிராமபோன் இசையையே சோதனையாக அனுப்பினார்.

பக்தர் பாட்டினூடாகத் தெய்வத்தைக் கேட்கிறார், சேகரிப்பாளர் பாட்டினூடாக ஒரு நாளை, ஓர் அறையை, ஒரு தொண்டையைக் கேட்கிறார் என்று முதற்பார்வைக்குப் பிரித்துவிடலாம். ஆனால் இருவரும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கின்றனர். அன்று பாடப்பட்டதும் இன்று கேட்கப்படுவதும் ஒன்றே என்பது அந்நம்பிக்கை. மீமாஞ்சை, அதாவது வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் தரிசனம், ஒலி நித்தியமானது என்று வாதிட்டபோது இதையே தன் வலிய சான்றாகக் கொண்டது. ஜைமினியின் சூத்திரங்களும் அவற்றிற்குச் சபரர் எழுதிய உரையும், ஒருவர் ஓர் எழுத்தை மீண்டும் கேட்கையில் அது முன் கேட்ட அதே எழுத்து என்று அறிகிறாரேயன்றி, அதைப் போன்ற வேறொன்று என்று அறிவதில்லை என்றும், ஆகவே தொண்டை ஒலியைப் படைப்பதில்லை, முன்னரே உள்ளதை வெளிப்படுத்துகிறது என்றும் கூறுகின்றன. இவ்வாறு மீள அறிதலைப் பிரத்தியபிஞ்ஞை என்பர். கிராமபோனைக் கண்டிராத அந்த ஆசிரியர்களுக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்திராது.

எதிர்வழக்கு தமிழிலேயே உள்ளது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையியலை, அதாவது அறிவின் கருவிகளை ஆராயும் நூல்முறையை, மணிமேகலைக்குக் கற்பிக்கும்போது எடுத்தாளும் முதன்மையான உதாரணம் ஒலியைப் பற்றியதே. ஒலி செய்யப்படுவது, செய்யப்படும் பானை அழிவது போல அதுவும் அழியும் என்பது அதன் கருத்து. நூலாசிரியர் சாத்தனார் தருக்கப் பாடத்திற்கு வேறு எப்பொருளை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், எனினும் அக்காலத்து வாதக் களங்களில் ஒலியே கொதிநிலையில் இருந்ததால் அதுவே காப்பியத்திற்குள்ளும் வந்தது. முதியங்கன விகாரையை நடுவில் கொண்ட பதுளை நகரில், பௌத்தரின் பிரித் ஓதலும் பாங்கொலியும் கோயில் மணியும் ஒரே பள்ளத்தாக்கில் கலக்கும்போது, இந்த வழக்கு ஏட்டளவில் நின்றுவிட்டதாகத் தோன்றாது. பௌத்தரின் நோக்கில் ஒலிபெருக்கியில் வருவது புதிதாகப் பிறந்து புதிதாக அழியும் ஒலி; பழைய பாடகர் அதில் இல்லை. தேய்ந்த தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கும் சேகரிப்பாளர், அழிவு நேரும் என்ற அளவில், இக்கூற்றை மறுக்க மாட்டார்.

சைவ சித்தாந்தம் இவ்விரண்டினின்றும் விலகிய ஒரு நிலையை எடுக்கிறது. இக்கேள்விக்கு அதுவே அதிகம் உதவுவதாகத் தெரிகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சத்தப் பிரமவாதியை, அதாவது ஒலியே பரம்பொருள் என்போரை, மறுத்துவிட்டு, சுபக்கத்தில் ஒலியின் நான்கு நிலைகளைக் கூறுகிறார். மிக நுண்ணிய சூக்குமை, எழுத்துக்கள் பிரியாமல் அடங்கி நிற்கும் பைசந்தி, நெஞ்சுக்குள் சொல்லாக ஒழுங்குபடும் மத்திமை, செவிக்குக் கேட்கும் வைகரி என்பன அவை. நான்கும் சுத்தமாயையிலிருந்து தோன்றுவன, எனவே சடம், அறிவுடையவை அல்ல. இதிலிருந்து பெறப்படும் முடிவு சற்று வியப்பானது. உயிருள்ள ஓதுவாரின் தொண்டையில் பிறக்கும் ஒலியும் சடமே, அரக்குத் தட்டில் பிறக்கும் ஒலியும் சடமே. ஒன்று தூயது மற்றது போலி என்று ஒலியளவில் பிரிக்க இடமில்லை. வேறுபாடு ஒலியைப் பற்றுக்கோடாகக் கொள்ளும் உயிரில்தான் உள்ளது. ஆகவே அடுப்படியில் நின்று ஒலிபெருக்கியைக் கேட்கும் தோட்டத்துப் பெண்ணின் கேட்டல் எவ்வகையிலும் குறைந்த கேட்டல் ஆகாது.

ஆனால் அங்கே குறைவது ஒன்றுண்டு, அது பாடுதல். ஞானசம்பந்தரின் பதிகங்கள் பெரும்பாலும் திருக்கடைக்காப்பு எனப்படும் இறுதிப் பாட்டில் ஆசிரியரின் பெயரைச் சொல்லி, அப்பதிகத்தைப் பாட வல்லவர் பெறும் பயனைக் கூறி முடிகின்றன. பயன் பெரிதும் வாயால் பாடுபவர்க்கே உரைக்கப்படுகிறது. தொடக்ககால இசைத்தட்டுகளிலும் பாடகர் இறுதியில் தம் பெயரைச் சொல்வதுண்டு. 1902இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜானின் குரலில் அதை இன்றும் கேட்கலாம், அச்சுத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் செய்யப்பட்டதால் அங்குள்ளவர்க்குப் பாடியவர் யாரென்று தெரிவதற்காக எழுந்த வழக்கம் அது எனப்படுகிறது. பதிகத்தின் பெயர் கேட்பவரைப் பாட அழைக்கிறது, தட்டின் பெயர் பாடியவரை அடையாளம் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. சித்தாந்தம் கேட்டலை ஞானத்தின் முதற்படியாகவே வைத்து, சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று மேலும் மூன்றைச் சொல்கிறது; ஒலிபெருக்கி முதற்படியை எவ்வளவு உரக்கச் செய்தாலும் இரண்டாம் படிக்கு அது ஏணியாகாது. 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி உத்தரவிட்டபோது சமயத்தினர் பலர் வருந்தினர். எனினும் இதே ஊவா மாகாணத்துக் கதிர்காமத்தில் பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்கு அப்பால், மந்திர ஒலியின்றியே பூசை செய்கிறார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பக்தியற்ற ரசனைக்கு இம்மரபில் இடமுண்டா என்பது அடுத்து எழும் ஐயம். இதற்கு விடை தருபவன் இராவணன். பதுளை மாவட்டத்து எல்லவில் அருவியும் குகையும் இன்றும் அவன் பெயரைத் தாங்குகின்றன. கயிலையைப் பெயர்க்க முயன்று அதன்கீழ் நசுங்கியவன், தன் நரம்பையே யாழ் நரம்பாக்கிச் சாமகானம் பாடினான், அவ்விசைக்கு இரங்கிய சிவன் வாளும் வாழ்நாளும் ஈந்தான் என்பது புராணம். சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் அவனை நினைவுகூர்கிறார். செருக்கினால் வந்து, வலியினால் பாடியவனின் இசை ஏற்கப்பட்டது. அப்படியிருக்கச் சேகரிப்பாளரின் காதலை வெறும் பொருட்பற்று என்று தள்ளிவிடுவது கடுமையான தீர்ப்பாகும். ஒரு குரலின் நடுக்கத்தைக் கேட்பதற்காக அரைமணி நேரம் தட்டைத் துடைப்பவரின் கவனம், கோயிலில் பாட்டை ஓடவிட்டுக் கைபேசியில் பேசிக்கொண்டிருப்பவரிடம் இல்லை.

சேகரிப்பாளரின் பிழை வேறிடத்தில் உள்ளது: அலமாரியில் இருப்பதே வரலாறு என்று எண்ணிவிடுவது அது. திருமுறைகண்ட புராணத்தின்படி, தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது; இக்காலத்திற்கு வேண்டியவற்றை மட்டும் வைத்து மற்றவற்றை மறைப்பித்தோம் என்னும் கருத்தில் அசரீரி ஒலித்தது. சொல் கிடைத்தும் இசை கிடைக்காமையால், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுக்கப்பட்டது. இழப்பைத் தெய்வ சித்தமாக ஏற்கும் இந்த அமைதி கரையானுக்குப் பொருந்தும். 1983 யூலையில் பதுளை நகரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது அவற்றோடு எரிந்தவற்றுக்கும் அதையே சொல்வது, இறைவன் பெயரால் மனிதரின் குற்றத்தை மறைப்பதாக முடியும்.

எரியாதவற்றுள்ளும் தட்டுக்கு வராதவை மிகப் பல. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள லயக் காம்பராவில் குடும்பமே ஒண்டியிருந்த மக்கள் கிராமபோனும் உடையும் தட்டுமாக ஒரு சேகரிப்பை வைத்திருக்கும் நிலையில் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடிய பாட்டுகள் சிறு நூல்களாகவே எஞ்சின, சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களும் அச்சில்தான் வாழ்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய விடுபடல் காமன் கூத்து. மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனுமாக வேடமேற்கும் ஆண்கள் விரதம் காத்து, பல இரவுகள் பாடி ஆடி, இறுதி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதும் அவன் உயிர்ப்பதுமாக நிகழும் இக்கூத்து தோட்டம் முழுவதற்குமான வழிபாடு. கதை கேட்க வந்தவரும் அதில் பங்காளிகள். அதன் உயிரான தப்பு, மரச்சட்டத்தில் தோல் போர்த்தி, ஒவ்வொரு முறையும் வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை இறுக்கிய பின்னரே குரல் கொடுக்கும். மலைக் குளிரில் தோல் தளர்ந்தால் ஆட்டத்தின் இடையிலேயே மீண்டும் தீயருகே கொண்டு செல்கின்றனர், அப்போது அடி நின்று பாட்டு மட்டும் நடக்கிறது. மூன்று நிமிடத் தட்டு இதைக் கொள்ளாது. கொண்டிருந்தாலும் தீயையும் விரதத்தையும் கொண்டிராது. வழிபாடு கேட்பதில் அடங்கிவிடுவது என்று கொண்டால் மட்டுமே பதிவிசை முழுமையான வழிபாடாகும். ஊவாத் தோட்டங்களின் சமயம் அவ்வாறு ஒருபோதும் இருந்ததில்லை.

எனினும் குறைபட்ட பதிவு பதிவின்மையினும் மேலானது. யாழ்ப்பாணர் மரபில் வந்த அப்பெண் இல்லாதிருந்தால் தேவாரப் பண்கள் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை எண்ணினால், இன்று தப்படிக்கும் முதியவர் ஒவ்வொருவரும் எத்தகைய ஏடு என்பது விளங்கும். காமன் கூத்தின் இறுதி இரவை, தப்புக் காய்ச்சும் இடைவெளிகளையும் வெட்டாமல், தொடக்கம் முதல் விடியும்வரை பதிவு செய்து, தோட்டத்தின் பெயர், பிரிவு, தேதி, தப்படித்தவர், வேடமேற்றவர் ஆகியவற்றைக் குறித்து, 2005 முதல் இயங்கிவரும் நூலகம் போன்ற எண்ணிம ஆவணகங்களில் சேர்ப்பது கைபேசி வைத்திருக்கும் எந்த இளைஞருக்கும் இயலும் வேலை. கோயில் கமிட்டியினரும், அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் பழைய தட்டையும் ஒலிநாடாவையும் எறிவதற்கு முன், அதன் உறைமேல் அது எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் ஒலித்தது என்பதையேனும் எழுதி வைக்க வேண்டும்.