மகப்பெயரும் உயிர்ச்சார்பும்

உயிர்க்கெனத் தனிப்பெயர் யாதும் இல்லை. பிறவிதோறும் ஓர் உடம்பு வந்து கூடுகின்றது. அவ்வுடம்பு பற்றி ஒரு பெயரும் வந்து கூடுகின்றது. உடம்பு நீங்குங்கால் பெயரும் உடன் நீங்குகின்றது. ஆகலின் பெயர் உயிரின் தன்னியல்பன்று. இடையில் வந்த செயற்கையேயாம். அங்ஙனமாயின் மகவிற்கு எப்பெயரை இட்டால்தான் என்னை? பெற்றோர் விழைந்ததொன்றை இட்டு மகிழ்தலிற் குற்றம் யாது? என வினவுவாருளர். இவ்வினா எளிதிற் புறக்கணிக்கற்பாலதன்று.

சென்னை இராயப்பேட்டையில் ஓர் இல்லத்தில் ஆண்மகவு பிறந்ததெனக் கொள்க. முன்னாளில் ஆண்டுப் பெயர் தேடும் இடர்ப்பாடு மிகுதியும் இன்று. பாட்டன் பெயர் மகன்வழிச் சேய்க்குச் செல்லும். பெயரன் என்னும் சொல்லே அவ்வழக்கிற்குச் சான்று. இஞ்ஞான்றோ, அண்டை அயலில் எவர்க்கும் இல்லாத பெயரே வேண்டுமென்பது பலர்தம் விருப்பம். பொருளுண்டா இல்லையா என்பது ஆராயப்படுவதில்லை. ஒலி புதிதாயிருத்தலே போதுமென்பர். எண்கணிதம் பார்த்து எழுத்தொன்றைக் கூட்டியும் குறைத்தும் செல்வத்தை அழைக்க முயல்வாரும் பலர்.

பெயர் செயற்கையாதல்பற்றி அதனைப் பொருட்படுத்தற்க என்பது பொருந்தாது. உடம்பும் செயற்கையே, அதனை ஓம்பாது விடுவார் யார்? சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தத் துணிபு. தன்னைச் சார்ந்தது நிறமாயின் பளிங்கு அந்நிறமாய்த் தோன்றுதல்போல, உயிர் தான் சார்ந்ததன் தன்மையைப் பற்றி நிற்கும். ஒருவன் வாழ்நாள் முழுதும் பிறர் வாய்ப்படக் கேட்பது தன் பெயரையே. தாய் தொட்டிலில் அழைப்பதும் அது. ஆசிரியன் பள்ளியில் விளிப்பதும் அது. ஆகலின் அஃது ஓயாத சார்பாம். அன்றியும், ஏனைக் கொடைகளை மகன் வளர்ந்தபின் வேண்டாவென மறுத்தல் கூடும். இக்கொடையோ, அவன் கேளாமலும் உடன்படாமலும் இடப்படுவது. மறுக்கமாட்டாதார்க்குக் கொடுப்பதில் கொடுப்போரின் கடப்பாடு இருமடங்காகின்றது.

அற்றேல் பழம்பெயர்களையே இடுக, புதியன விலக்குக என்பது கருத்தோவெனின், அற்றன்று. திங்களூர் அப்பூதியடிகள் வரலாற்றை நோக்குக. நாவுக்கரசரை அவர் கண்ணாற் கண்டிலர். பெருமையைச் செவியாற் கேட்ட துணையானே, மூத்த மகனை மூத்த திருநாவுக்கரசு என்றும், இளையவனை இளைய திருநாவுக்கரசு என்றும் அழைத்தனர். அளவைகளும் நிறைகோலும் ஆவும் எருமையும் தண்ணீர்ப் பந்தரும் அப்பெயரே பூண்டன. அப்பெயர் அந்நாளில் ஒரே அடியார்க்கு இறைவன் அளித்த புதுப்பெயராம். ஊரார் செவிக்கு அது வியப்பாகவே இருந்திருக்கும். ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிதற்கே பெயர் என்பது உலகியல். அப்பயனையும் பாராது அன்பொன்றையே பார்த்தார் அவர். எனவே புதுமை குற்றமன்று. எதனைப்பற்றிய புதுமை என்பதே வினா. பிறர் திரும்பிப் பார்த்தற்கு இட்டது பெற்றோரின் தற்போதத்தைச் சார்ந்தது; தாம் உருகியதை மகனும் அறிதற்கு இட்டது சிவத்தைச் சார்ந்தது.

இனி, நற்பெயர் இட்டால் இடர் வாராது என்னும் கருத்தும் அவ்வரலாற்றானே மறுக்கப்படும். நாவுக்கரசர் அமுது செய்தற்கு வாழையிலை அரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசைப் பாம்பு தீண்டிற்று. அப்பெயர் பாம்பைத் தடுத்திலது. ஆயினும், தீண்டப்பட்ட அச்சிறுவன் இலையைக் கொணர்ந்து தாயிடம் சேர்த்த பின்னரே வீழ்ந்தான். பெயர் காப்புக்கயிறன்று, கடமையை நினைப்பூட்டும் குறி என்பது இதனாற் பெறப்படும். எழுத்தை மாற்றி ஊழை மாற்ற முயல்வார் இதனைச் சிந்திப்பாராக.

பெயரை மொழிபெயர்த்துப் புதுக்குதல் பற்றியும் ஐயம் நிகழும். சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆயினார். 1916ஆம் ஆண்டிற் றனித்தமிழ் நெறி தொடங்கிய சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆயினார். தம் மக்களுள் திருஞானசம்பந்தத்தை அறிவுத்தொடர்பு எனவும், மாணிக்கவாசகத்தை மணிமொழி எனவும் மாற்றினார். பொருள் வழுவாமை ஈண்டுப் போற்றத்தக்கது. மெய்கண்டார் என்னும் திருப்பெயரே சத்தியஞான தரிசினிகள் என்பதன் தமிழாக்கம் என்பது மரபினர் கொள்கையாகலின், இதற்கு முன்னோர் வழியும் உண்டு. ஆயினும் அறிவுத்தொடர்பு என்று கேட்டவுடன் சீகாழிப் பிள்ளையார் நெஞ்சில் எழுந்தருளுவரோ? பொருள் நிற்ப, அடியார் நினைவு ஒருசிறிது விலகுகின்றது. இவ்விழப்பையும் நிறுத்துப் பார்த்தே செய்தல் வேண்டும். இராயப்பேட்டையில் வாழ்ந்து, ஆண்டுச் சாது அச்சுக்கூடத்தை நடத்திய திரு. வி. கலியாணசுந்தரனாரோ தம் பெயரை மாற்றிலர். அதனால் அவர்தம் தமிழ்த்தொண்டு குறைந்ததுமின்று. அவ்வூர்ப் பெருஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நன்னூலார் பெயரை இடுகுறியெனவும் காரணமெனவும் வகுத்தனர். மகவிற்கு இடும் பெயர் இடும்பொழுது பெரும்பாலும் இடுகுறியே. அறிவழகன் என்று பெயரிட்ட அன்றே குழவிக்கு அறிவு நிரம்பிவிடாது. வாழ்க்கையே அதனைக் காரணப்பெயர் ஆக்குதல் வேண்டும். திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் தம் மகனுக்கு மருள்நீக்கியார் என்று பெயரிட்டனர். அவரோ புறச்சமயம் புக்குத் தருமசேனர் என வேறு பெயர் பூண்டனர். சூலையால் வருந்தித் தமக்கையாரை அடைந்து, அதிகை வீரட்டானத்தில் ஆட்கொள்ளப்பட்ட பின்னரே, பெற்றோர் இட்ட அப்பெயர் பொருள் நிரம்பியது. இடைப்பட்ட காலமெல்லாம் அது காத்திருந்தது; அதனோடு தமக்கையாரின் வேண்டுதலும் காத்திருந்தது.

ஆகலின் மகப்பெயர் ஓர் வேண்டுதல் என்க. பழையதாயினும் புதியதாயினும், பொருளுடையதாய், மகன் நாணாது சொல்லத்தக்கதாய், உயிரை மேனோக்கி ஈர்ப்பதாய் இருத்தல் அமையும். அதனினும் அரியது ஒன்றுண்டு. வீட்டில் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அன்போடு அழைத்தல். சினந்து விளிக்கப்படும் திருப்பெயரினும் கனிந்து விளிக்கப்படும் எளிய பெயர் நன்று. எந்நாமமும் இல்லாத இறைவன் அடியார் அன்பின் பொருட்டு ஆயிரம் நாமங்களை ஏற்று நிற்கின்றான். அவ்வருமையை உணர்வார் தம் சேய்க்குப் பெயரிடுதலை விளையாட்டாகக் கருதார்.