எந்தப் பாகம் துப்பாக்கி?

ஒரு துப்பாக்கியில் எது துப்பாக்கி? கேள்வி கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்கச் சட்டத்துக்கு இதில் குழப்பமே இல்லை. எஃப்.ஏ.எல் என்கிற ரைஃபிளை எடுத்துக்கொண்டால், மேலே இருக்கும் ரிசீவர் என்ற இரும்புக்கூடுதான் துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் இருக்கும். கடைக்காரர் படிவம் நிரப்பச் சொல்வதும் பின்னணியைச் சோதிப்பதும் அதற்காகத்தான். குழல், விசை, கட்டை எல்லாம் வெறும் உதிரிப்பாகங்கள், தபாலில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். டேட்டாபேஸில் உழல்கிறவனுக்கு இது சட்டென்று புரியும். ப்ரைமரி கீ எங்கே இருக்கிறதோ அதுதான் பொருள். மற்ற காலங்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ரைஃபிள் எனக்கு அறிமுகமானது அலுவலக நண்பர் ஒருவரால். அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். பனியில் கார் ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர். தன் கராஜில் ஒரு எஃப்.ஏ.எல்லைப் பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். பெல்ஜியத்தின் எஃப்.என் நிறுவனம் 1950களில் கொண்டுவந்த ராணுவ ரைஃபிள் இது. தொண்ணூறு நாடுகளுக்கு மேல் பயன்படுத்தின. 1982 ஃபாக்லாந்து போரில் இரண்டு தரப்பும் இதன் வகைகளைத்தான் தூக்கிக்கொண்டு நின்றன. நம்ம ஊரில் 'எஸ்.எல்.ஆர்' என்று சொல்கிறோமே, இஷாப்பூரில் செய்தது, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

ராணுவங்கள் கழித்துப்போட்ட எஃப்.ஏ.எல்களில் பல, விசையை ஒருமுறை அழுத்தினால் தொடர்ந்து சுடக்கூடியவை. அதை ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டு என்று மாற்றிவிட்டால் போதாதா? அமெரிக்காவில் போதாது. ஒருமுறை இயந்திரத் துப்பாக்கி என்றால் என்றைக்கும் இயந்திரத் துப்பாக்கிதான். பிறப்பை வைத்துத் தீர்மானிப்பது நமக்குப் பழக்கப்பட்ட விஷயம் என்பதால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கனடாச் சட்டம் மாற்றத்தை ஒப்புக்கொள்ளும், ஆனால் மறக்காது. மாற்றப்பட்டவை அங்கே தனி வகை. முன்பே வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அனுமதி, புதிதாக யாரும் அந்த வரிசையில் சேர முடியாது.

ஆகவே அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு முன் ரிசீவரைத் தீயால் துண்டு துண்டாக அறுத்துவிடுவார்கள். மிச்சத்தில் பல பாகங்கள் 'பார்ட்ஸ் கிட்' என்ற பெயரில் விற்பனைக்கு வரும். வாங்குபவர் அமெரிக்காவில் செய்த புது ரிசீவரில் அவற்றைப் பொருத்துவார். சட்டத்தின் கண்ணில் அது இன்றைக்குப் பிறந்த குழந்தை.

வேலை அத்தனை சுலபமில்லை. காமன்வெல்த் நாடுகள் அங்குல அளவில் செய்தன, மற்றவை மெட்ரிக்கில். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாகங்கள் சேராமல் முறைத்துக்கொள்ளும். போல்ட் பின்னால் முட்டி நிற்க லாக்கிங் ஷோல்டர் என்று சிறிய எஃகுத் துண்டு ஒன்று உண்டு. அதன் அளவுகள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் வேறுபடும். புது ரிசீவர், எங்கிருந்தோ வந்த குழல், வேறெங்கிருந்தோ வந்த போல்ட். ஒன்றையொன்று முன்பின் பார்த்திராத மூன்றுக்கும் நடுவே சரியான துண்டைத் தேடி உட்காரவைக்க வேண்டும். அவர் அதை அளந்து அளந்து பார்த்த சாயங்காலம் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் கோடில் நான் எதையும் அவ்வளவு பொறுமையாக அளந்ததில்லை.

அப்புறம் 1990இல் வந்த ஒரு விதி. சட்டம் பட்டியலிடும் இருபது வகைப் பாகங்களில், இந்த மாதிரி ரைஃபிளில் பத்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்காக இருக்கக் கூடாது. எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்பது கட்டுபவர் இஷ்டம். நண்பர் விசையையும் ஹாமரையும் பிஸ்டனையும், அதாவது கண்ணுக்குத் தெரியாத பாகங்களை, அமெரிக்கச் சரக்காக மாற்றிவிட்டார். வைத்துக்கொண்டது வெளியே தெரியும் முன்பிடியை. அதில் பச்சையும் மஞ்சளுமாக ப்ரஷ்ஷால் இழுத்த பெயிண்ட் திட்டுத் திட்டாக இருக்கிறது. ரொடீசியப் பெயிண்ட்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 1965இல் சிறுபான்மை வெள்ளையர் அரசு ஒன்று, கறுப்பர்களுக்கு ஆட்சி போய்விடக் கூடாது என்பதற்காகவே தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்ட நாடு ரொடீசியா. அது ஜிம்பாப்வே ஆவதற்கு 1980 வரை ஆனது. நடுவில் நீண்ட, அசிங்கமான போர். புதரில் மறைவதற்காக அந்தப் படைகள் ரைஃபிளில் பூசிய பெயிண்ட் இது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் ஒரு புகைப்படத்தில் போட்டிருந்த ஜாக்கெட்டில் ரொடீசியக் கொடி தைத்திருந்தது. அந்த நாடு செத்துப்போச்சு, ஆனால் அதன் ரசிகர்கள் சாகவில்லை.

நண்பர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரில்லை. கேட்டதற்கு, "இரும்பும் மரமும்தானப்பா. இரும்புக்கு என்ன பாவம்?" என்றார். நானும் பொதுவாக அப்படித்தான் நினைப்பேன். உலோகத்தில் குற்றம் ஊறி நிற்காது. ஆனால் பெயிண்ட் இல்லாத கட்டையைவிட இதற்கு அவர் கூடக் காசு கொடுத்திருக்கிறார். அந்தக் கூடுதல் காசு எதற்கு? சுடுவதற்கு அந்தப் பெயிண்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது கடந்தகாலத்துக்குக் கொடுத்த விலை. வாங்கும்போது கடந்தகாலம் பொருளுக்குள் இருக்கிறது, கேள்வி கேட்டால் மட்டும் வெளியே போய்விடுகிறது. என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது இதை மட்டும்தான். ஒன்று, வெறும் மரம், மரத்தின் விலை. இல்லை, வரலாறு என்றால் முழு வரலாறும் வரும், பிடித்திருந்தவன் மட்டுமில்லை, எதிரே நின்றவனும்.

வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்பது இவர்கள் அடிக்கடி சொல்லும் சமாதானம். பாதி உண்மை. ஆனால் சுடவைப்பதற்காகத்தானே பாதிப் பாகத்தை மாற்றினார்? வரலாறு மட்டும் போதுமென்றால் அறுபட்ட ரிசீவரே அதிகம் பேசும். நம்மூர் நடுகல்லில் ஆநிரை கவர்ந்த பூசல், ஊர்ப்பெயர், விழுந்தவன் பெயர் வெட்டியிருப்பார்கள். கல்லைப் பார்த்தால் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று ஓரளவு தெரிந்துவிடும். இந்தப் பெயிண்டில் அது எதுவும் எழுதியில்லை. தெரிந்தவன் சொன்னால்தான் உண்டு.

புது பிளாஸ்டிக் முன்பிடி போட்டால் செலவு குறையும், அமெரிக்கப் பாகக் கணக்கும் சுலபமாகத் தீரும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் எதுக்கு இதைக் கட்டணும்? கடையில புதுசே வாங்கிக்கலாமே" என்றார். அந்தப் பதிலில் பூசி மெழுகல் இல்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் போரைப் பற்றி அவரிடம் இரண்டு புத்தகங்கள் உண்டு. இரண்டும் ரொடீசியச் சிப்பாய்கள் எழுதியவை. எதிர்ப்பக்கத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அவரே கேட்டார். 1989இல் வந்த ஷிம்மர் சினோட்யாவின் 'ஹார்வெஸ்ட் ஆஃப் தோர்ன்ஸ்' நாவலைச் சொன்னேன், கெரில்லாவாகப் போய்த் திரும்பிய ஒரு பையனின் கதை. நூலகத்தில் எடுத்தும் கொடுத்தேன். இன்னும் படிக்க ஆரம்பிக்கவில்லை. அந்த முன்பிடிக்குப் பொருத்தமாகப் பெயிண்ட் போகாத பின்கட்டை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.