சேஸிஸ் நம்பர்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964லேயே பழங்கார் ஊர்வலத்தைத் தொடங்கிவிட்டது. சென்னையிலும் சங்கங்கள் உண்டு. சனி ஞாயிறுகளில் கூடுவார்கள். கடலோரச் சாலையில், மலைச் சாலையில் காற்று வாங்கியபடி ஓட்டிப்போவார்கள். பிறகு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, நடுவர்களை அழைத்து மார்க் போடச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில், கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில், 2015ல் ஒரு கார் மியூசியமே திறந்தார்கள். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் வழிவந்தது அது.

பனியன் ஊர்க்காரனுக்கு இதில் என்ன சோலி என்று கேட்கலாம். சோலி இருக்கு. கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற துணியை நாங்கள் வேஸ்ட் என்போம். அதை நிறம் பிரித்து மூட்டை கட்டுகிற குடோனில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஆயில் துடைப்பதற்கு அந்தத் துணிதான் போகிறது. ஆனால் நான் பேச வந்தது பளபளப்பைப் பற்றி அல்ல. மார்க் போடுகிறார்களே, அந்த அளவுகோலைப் பற்றி.

அங்கே உயர்ந்த சொல் 'ஒரிஜினல்'. பெயிண்ட் ஒரிஜினலா, கார்புரேட்டர் ஒரிஜினலா, சீட் ஒரிஜினலா? எண்பது தொண்ணூறு வருஷம் ஓடிய வண்டியில் எல்லாம் எப்படி ஒரிஜினலாக இருக்கும்? பிஸ்டன் மாறியிருக்கும், வயரிங் மாறியிருக்கும், தகரத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். தீசியஸ் என்கிற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றிக் காப்பாற்றி வந்தார்களாம். இப்படி மாறிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று தத்துவக்காரர்கள் சண்டை போட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். கார்க்காரர்கள் இந்தச் சண்டையைச் சுலபமாக முடித்துவிடுவார்கள். குனிந்து, சேஸிஸில் அடித்திருக்கும் நம்பரைப் பார்ப்பார்கள். நம்பர் கம்பெனி ஏட்டோடு பொருந்தினால், அது 1935ல் பிறந்த வண்டிதான்.

எனக்கு இதில் திருப்பூரில் வீடு தேடி அலைந்த நாட்கள்தான் தெரிகின்றன. திருப்பூருக்கு வந்தவன் எல்லாத்தையும் மாத்தினவன். ஊரை மாற்றினான், சேரியை விட்டான். அப்பன் செய்த வேலையை விட்டான். செத்த மாட்டைத் தூக்கப் போவதில்லை, இழவு வீட்டுக்குப் பறை அடிக்கப் போவதில்லை. ஓவர்லாக் ஓட்டுகிறான், சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறான். சட்டை மாறியது, பேச்சு மாறியது, சிலருக்குச் சாமியும் மாறியது. ஒரு பலகைகூடப் பழசில்லை. வீட்டுக்காரர் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்துவிட்டு மெதுவாகக் குனிகிறார்.

"தம்பிக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"தாராபுரம் பக்கமுங்க."

"தாராபுரம் பக்கம்னா ஊருக்குள்ளயா, தள்ளியா?"

சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிடுகிறது: "அடடா, மச்சான் ஒருத்தரு கேட்டிருந்தாருங்க, மறந்தே போச்சு." சேஸிஸ் நம்பரைப் பார்த்துவிட்டார்.

இரண்டு இடத்திலும் தர்க்கம் ஒன்றுதான். பிறப்புதான் நிஜம், பிறகு நடந்ததெல்லாம் மேல்பூச்சு. ஆனால் அதே தர்க்கம் காரை உயர்த்துகிறது, ஆளை இறக்குகிறது. அப்படியானால் மதிப்பு நம்பரில் இல்லை. அதைப் படிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அங்கே இருக்கிறது.

காரை ஆசையாக வைத்திருப்பதும் சாதி பார்ப்பதும் ஒன்றா என்று தோழர்கள் கேட்பார்கள். ஒன்றில்லை. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு தொழிலாளி கடைந்த கியர் இன்றும் பிசகாமல் சுற்றினால் யாருக்கும் சந்தோஷம்தான். மோட்டார் இந்த மண்ணுக்குச் சாதி தெரியாமல்தான் வந்தது. இங்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தார்கள். ஏற்றாத பஸ்ஸின் லைசென்ஸ் போய்விடும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது. 1929ல் சாலிஸ்காவ் ஸ்டேஷனில் இறங்கிய டாக்டர் அம்பேத்கர் நியூயார்க்கிலும் லண்டனிலும் பட்டம் வாங்கியவர். அவரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரன் ஒப்பவில்லை. ஓட்டிப் பழகாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். கல்பாலத்தில் வண்டி சிக்கி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. அவருடைய நம்பரையும் படித்துவிட்டார்கள்.

பழங்கார்ப் பிரியர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதை ஒன்று உண்டு. ரோல்ஸ்ராய்ஸ் கடைக்காரன் அவமதித்தானாம். கோபத்தில் ஒரு மகாராஜா அந்தக் கார்களை வாங்கிவந்து குப்பை அள்ள விட்டாராம். அல்வார் ராஜா என்பார்கள், வேறு ராஜா பெயரும் சொல்வார்கள். ஆதாரமில்லாத கதை. ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? குப்பை தொட்டதால் காருக்குத் தீட்டு வந்துவிட்டது. அந்தக் குப்பையைத் தலைமுறை தலைமுறையாகத் தலையில் சுமந்த ஜனம் கதைக்குள் எங்கேயும் இல்லை. கார் அள்ளினால் அவமானம், நாம் அள்ளினால் வழக்கம்.

2021ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டி, மூல உருவம் கெடாமல் இருக்கிற காரையும் பைக்கையும் 'வின்டேஜ்' என்று தனியாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. அதாவது, வேலை செய்யாத பழசுக்குத்தான் மரியாதை. பனியன் மூட்டை ஏற்றி ஏற்றித் தேய்ந்த டெம்போவுக்குக் காயலான் கடை. உழைக்காதது உயர்ந்தது, உழைத்தது தாழ்ந்தது என்ற கணக்கு நமக்குப் புதுசா?

2025 அக்டோபரில் அதே அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்தைத் திறந்து ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். தெருப்பெயர்களிலிருந்து சாதியை எடுக்க அரசு ஆணை போட்டிருந்த நேரம் அது. பின்னொட்டு எதற்கு என்று கேட்டால், அது இல்லாவிட்டால் யாரென்று தெரியாது என்றார்கள். 1937ல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய மனுஷனைச் செய்த மோட்டாரை வைத்துத் தெரியாதா?

இந்தக் கேள்வியை நம் பக்கமும் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆதிகுடி நாங்கள், ஆண்ட பரம்பரை நாங்கள் என்று நம்மிடையிலும் குரல்கள் எழுகின்றன. இழிவு சுமத்தப்பட்டவன் தன் வரலாற்றைத் தேடுவது நியாயம். ஆனால் பழைய பெருமைதான் இன்றைய மரியாதைக்கு அத்தாட்சி என்றால், நாமும் குனிந்து ஒரு நம்பரைத்தான் தேடுகிறோம். ஆண்ட பரம்பரை இல்லாதவனுக்கு அப்போது என்ன மரியாதை?

கண்காட்சி அட்டையில் கம்பெனி பெயர், வருஷம், உரிமையாளர் பெயர் எழுதுகிறார்கள். வண்டி நின்றபோதெல்லாம் அடியில் படுத்து, முகத்தில் ஆயில் சொட்டச் சொட்ட முடுக்கியவன் பெயர் இல்லை. எது எது மாறியது, மாற்றியது யார் கை என்று எழுதிவைக்கட்டும். அப்போது மாறியது குறையாகத் தெரியாது, அதுதான் வண்டியின் வாழ்க்கையாகத் தெரியும். மனுஷனுக்கும் அதுதான். எங்கே பிறந்தான் என்பதல்ல, எதையெல்லாம் மாற்றி எழுந்து நின்றான் என்பது அவனுடைய கௌரவம்.

சாதி வேண்டாம் என்றால் சான்றிதழைக் கிழித்துப்போடு என்று நமக்குப் புத்தி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நம்பரை வைத்து நம்மைத் தள்ளியதால்தான் அதே நம்பரை வைத்து உரிமை கேட்கிறோம். முதலில் வீட்டுக்காரர் குனிந்து பார்ப்பதை நிறுத்தட்டும். சான்றிதழைப் பற்றி அப்புறம் பேசலாம்.