பொறுத்துக்கொள்ளச் சொன்ன வலி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதியில் அரிசியோ மிளகோ பாத்திரமோ எதை வாங்கினாலும், அது யாரோ ஒருவருடைய தலையிலும் தோளிலும் ஏறி இறங்கித்தான் நம் கைக்கு வந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இந்தச் சந்தையில் தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறார்கள். இங்கே சுமைக்குக் கணக்கு உண்டு. தொழிலாளர்கள் போராடிப் போராடி அதைப் பெற்றார்கள். 1978இல் கேரளம் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. சுமந்து தேய்ந்த உடம்பில் பின்னாளில் குடியேறும் வலிக்கு மட்டும் கணக்கு எழுதப்படவில்லை. வலி தாங்குகிறவரை நாம் புகழ்கிறோம். பிரசவத்தில் வாய்விட்டு அலறாத பெண்ணையும், புற்றுநோய் முற்றிய பிறகும் முனகாத முதியவரையும் மெச்சுகிறோம். இந்தப் புகழ்ச்சி பெரும்பாலும் ஏழைகளுக்கும் பெண்களுக்குமே வாய்க்கிறது என்பதை நின்று யோசித்தால், அதில் நம் பொறுப்பின்மை எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பது புரியும்.

இந்தப் பொறுப்பின்மையை மருத்துவத்தின் குற்றமாகவே எடுத்துக்கொண்டவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 1947இல் பிறந்தவர், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் படித்து, மயக்கவியல் மருத்துவராகிக் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அங்கே நடந்த ஒன்றை அவரே பொதுவெளியில் பலமுறை சொல்லியிருக்கிறார். புற்றுநோயின் வலி தாளாமல் ஒரு கல்லூரி ஆசிரியர் அவரிடம் வந்தார். ராஜகோபால் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டார், வலி அடங்கியது. இனி வரவேண்டியதில்லை என்று திருப்தியோடு சொல்லி அனுப்பினார். தன் நோய்க்கு இனிச் சிகிச்சை இல்லை என்பதே அந்த நோயாளிக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிரவு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊசி சரியான நரம்பில்தான் இறங்கியிருந்தது, மருத்துவப் பாடப்படி அதில் ஒரு தவறும் இல்லை. அந்த நரம்புக்கு உரிய மனிதரைத் தான் பார்க்கவே இல்லை என்று ராஜகோபால் உணர்ந்தார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த உணர்விலிருந்து கிளைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1993இல் சக மருத்துவர் சுரேஷ் குமாருடன் சேர்ந்து, கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சிறு பிரிவை அவர் தொடங்கினார். லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியையும் மனத்துயரையும் பிரிக்க முடியாத ஒரே துன்பமாகப் பார்க்கக் கற்றுத்தந்திருந்தார். அந்தச் சிந்தனையைக் கேரளம் படுக்கைகள் கொண்ட கட்டடமாகக் கட்டி எழுப்பவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனது. செவிலியரும் ஊர்த் தன்னார்வலர்களும் நோயாளியின் வீட்டுக்கே சென்று புண்ணைக் கழுவினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கூடவே உட்கார்ந்து பேசினார்கள். அப்படிப் போனவர்களின் கண்ணில் மருத்துவமனையிலிருந்து தெரியாத பலவும் பட்டன: அரிசி தீர்ந்த பானை, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளை, வைத்தியச் செலவுக்கு அடகுபோன வீட்டுப் பத்திரம். இவையும் சிகிச்சைக்குள்தான் வருகின்றன என்று ராஜகோபால் பிடிவாதமாகச் சொன்னார். 2003இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் நிறுவிய பாலியம் இந்தியா அமைப்பு, நோயாளி வீடுகளுக்கு உணவுப் பொருளும் அவர்களுடைய குழந்தைகளுக்குக் கல்வி உதவியும் தருவது இதனால்தான்.

ஆனால் அரிசியும் ஆறுதலும் மட்டும் புற்றுநோயின் கடும் வலியை அடக்கிவிடாது. அதற்கு மார்ஃபின் வேண்டும். அபினியிலிருந்து எடுக்கப்படும் இந்த மருந்து 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருந்தது. சாலைக் கடைவீதியின் மளிகைக் கடைகளில் குருமாவுக்காக நாம் வாங்கும் கசகசா அபினிச் செடியின் விதைதான். அந்தச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளில் அபினி பதப்படுத்தப்படுகிறது. உலகின் வலி மருந்துகளுக்கான மூலப்பொருளாகக் கப்பலேறுகிறது. நம் வயலில் விளைந்தது வெளிநாட்டு நோயாளியின் வலியைத் தணிக்க, அந்த வயல்கள் இருக்கும் நாட்டின் நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு செத்தார்கள்.

காரணம் 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். மருந்தைக் கையாள்வதில் நேரும் பிழைக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை வரக்கூடும் என்ற அச்சம் மருத்துவமனைகளைப் பிடித்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கப் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெறவேண்டியிருந்தது; எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்கவேண்டியிருந்தது. கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதியாகிவிட்டிருக்கும். மருந்தகங்கள் மார்ஃபினைக் கைவிட்டன. பிறகு மருத்துவக் கல்லூரிகளும் அதைப் பற்றிக் கற்பிப்பதை விட்டன. மார்ஃபின் மாத்திரையைத் தொட்டே பார்க்காத மருத்துவர்களின் தலைமுறை ஒன்று உருவானது. அதே 1985இல்தான், குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்கள் என்று சீனா, இலங்கை, கோஸ்டா ரிகா ஆகியவற்றோடு கேரளத்தையும் பாராட்டி ராக்பெல்லர் அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தப் பாராட்டு பொய்யில்லை. குழந்தை இறப்பு குறைந்திருந்தது, ஆயுள் கூடியிருந்தது. ஒருவர் எத்தனை வயதுவரை வாழ்ந்தார் என்பது பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அவருடைய கடைசி ஆறு மாதம் எப்படிக் கழிந்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பொதுச் சுகாதாரத்தில் சமத்துவம் என்று நாம் பெருமையோடு பேசியதில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது.

மார்ஃபினுக்கு இன்னொரு தடை அதன் மலிவு. விலை குறைந்த மாத்திரையில் லாபம் இல்லாததால் அதைத் தயாரிக்கவும் விற்கவும் யாருக்கும் ஆர்வம் இல்லை. பல இடங்களில் மார்ஃபின் மாத்திரை கிடைக்காதபோதும், பல மடங்கு விலையுள்ள, தோலில் ஒட்டும் ஃபென்டானில் வலி மருந்துப் பட்டைகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் இதே வகை மருந்துகளை லாபத்துக்காக வரம்பின்றி எழுதிக் கொடுத்ததால் பெருந்திரளானோர் அடிமையாகி மடிந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து நம் அதிகாரிகள் இங்கே இன்னும் இறுக்கிப் பிடிக்க நினைப்பதில் வியப்பில்லை. உலக மக்கள்தொகையில் ஏழைப் பாதி வாழும் நாடுகளுக்கு, உலகில் விநியோகமாகும் இவ்வகை மருந்துகளில் 1 சதவீதமே போய்ச் சேர்கிறது என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. ராஜகோபால் இரண்டையும் அறிந்தே பேசினார். மருந்தைத் திறந்துவிடுங்கள் என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. பயிற்சி பெற்ற கைகளில் கொடுங்கள் என்றுதான் கேட்டார்.

1998இல் மத்திய அரசு மார்ஃபின் உரிமத்துக்கான எளிய விதிகளை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது, பெரும்பாலானவை கண்டுகொள்ளவில்லை. 2007இல் விவகாரம் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம் போனது. 2008இல் கேரளம் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. பின்னர் உள்ளாட்சி அமைப்புகள் வழியாக வீட்டுக்குச் செவிலியர் செல்வது அங்கே வழக்கமான பணியானது. 2014 பிப்ரவரியில், பதினைந்தாவது மக்களவை கலைவதற்குச் சற்று முன், போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு நாடு முழுவதற்கும் ஒரே உரிம முறை வந்தது. ஒரு மலிவான மாத்திரை நோயாளியின் நாக்குக்கு வந்து சேரச் சட்டப்படி ஆன காலம் 29 ஆண்டுகள். ராஜகோபாலுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த விருதைவிட, அடுத்த ஆண்டு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை சேர்க்கப்பட்டதுதான் அவருடைய உழைப்புக்கு உரிய மரியாதை என்பேன்.

ஆனாலும் அவர் தொடர்ந்து சுட்டிக்காட்டும் ஒரு முரண், வலி தணிப்பில் முன்னோடியான கேரளத்திலேயே கண்ணெதிரே நிற்கிறது. பணமில்லாதவர் மருந்தின்றி வலியில் இறக்கிறார். கடன் வாங்க முடிந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில், குழாய்களுக்கு நடுவே, பிள்ளைகளின் கை படாமல் இறக்கிறார். இரண்டு வீட்டிலும் மிஞ்சுவது கடனும் குற்றவுணர்வும். ‘முடிந்ததையெல்லாம் செய்தோம்’ என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் நாம் இதற்குச் சம்மதிக்கிறோம். படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டவர்கள் நம்மில் குறைவு.

நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிகிச்சை பலிக்காமல் ஊர் திரும்புகிறவர்களுக்கு வேண்டியது, மார்ஃபின் எழுதத் தெரிந்த, அதை எழுத அஞ்சாத ஒரு மருத்துவர். அவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும். புதிய பாடத்திட்டத்தோடு 2019இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் அண்மையில்தான் பணிக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களை மேற்பார்வையிடும் மூத்தவர்களில் பெரும்பாலோர் வலி தணிப்புப் பாடத்தைப் படித்தவர்களில்லை.